சந்துக்குள் பிரேக் பேடு மாற்றினோம்... பெடல் தரையைத் தொட்டது!

போன ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 11 மணி. மயிலாப்பூரில் முண்டகக்கண்ணியம்மன் கோயிலுக்குப் பக்கத்தில் இருக்கிறது மாமா வீடு. வாசலில் நின்ற அவருடைய பிக்கப் வண்டிக்கு நாங்கள் இருவருமாகப் புது பிரேக் பேடு போட்டு முடித்திருந்தோம். கை, முகமெல்லாம் கறுப்பு. மாமாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம். "மெக்கானிக் கூலி மிச்சம்டா. சாயங்காலம் எல்லாருக்கும் பஜ்ஜி" என்றார்.

அந்த நேரம் பார்த்து ஓர் ஆட்டோ சந்துக்குள் நுழைந்து ஹாரன் அடித்தது. வழி விட வேண்டுமே என்று மாமா வண்டியில் ஏறி ஸ்டார்ட் செய்து, முதல் கியரில் மெதுவாக முன்னால் நகர்த்தினார். இடம் வந்ததும் பிரேக்கை மிதித்தார்.

பெடல் தரை வரைக்கும் போனது. வண்டி நிற்கவில்லை.

எதிரே இஸ்திரி வண்டி. அதன் பக்கத்தில், தேய்த்த துணியை வாங்கிக்கொண்டு வருவதற்காக நின்றிருந்தாள் என் அக்கா மகள். ஆறு வயது. மாமா ஹேண்ட் பிரேக்கைப் பிடுங்கி எடுக்காத குறையாக இழுத்தார். ஒரு முழம் இடைவெளியில் வண்டி நின்றது. இஸ்திரிக்காரர் பெட்டியைக் கீழே வைக்கக்கூட மறந்து அப்படியே நின்றார். பாப்பாவுக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை. "தாத்தா, இன்னும் கொஞ்சம் முன்னாடி வாங்க" என்று கை காட்டினாள்.

வண்டியில் எதுவும் உடையவில்லை, எங்கும் கசிவில்லை, பேடைத் தப்பாக மாட்டவும் இல்லை. மாட்டி முடித்ததும் செய்ய வேண்டிய ஒரே ஒரு காரியத்தை மறந்திருந்தோம். அரை நிமிட வேலை அது. அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது இதுதான்: பேடு மாற்றுவது ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. அதற்கு முன்னால் வண்டியைத் தூக்குவதும், பின்னால் பெடலை மிதிப்பதும்தான் உயிர் சம்பந்தப்பட்ட வேலை.

மாமாவுக்குக் கல்யாணப் பாத்திர வாடகைத் தொழில். அண்டா, ஜோடுதவலை, இட்லிக் கொப்பரை, கேஸ் அடுப்பு என்று முகூர்த்த நாளில் வண்டி நிறைந்து வழியும். தி.நகரில் ஒரு மண்டபம், அடையாறில் ஒன்று என்று ஒரே நாளில் நாலு நடை போவார். இப்படி ஒரு பிக்கப்பை நம்பி ஓடும் குடும்பங்கள் சென்னையில் தெருவுக்குத் தெரு உண்டு. 2005-ல் டாடா ஏஸ் வந்தபோது நம் ஆட்கள் அதற்கு 'குட்டியானை' என்று பேர் வைத்துச் சொந்தமாக்கிக் கொண்டார்கள். 2011-ல் அசோக் லேலண்டின் தோஸ்த் வந்தது. மஹிந்திராவின் பொலிரோ பிக்கப் கேட்கவே வேண்டாம். தண்ணீர் கேன், காய்கறி, பந்தல் கம்பு, வீடு மாற்றுபவர்களின் பீரோ என எல்லாம் இவற்றின் முதுகில்தான்.

சென்னையில் மலை இல்லை, பிரேக் ஏன் தேயப்போகிறது என்று நினைக்கலாம். லஸ் முதல் மந்தைவெளி வரை மெட்ரோ வேலைக்காக அடைத்துவைத்த ரோட்டில், லோடு வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பார்த்தால் தெரியும். பத்து அடிக்கு ஒரு மிதி. உஸ்மான் ரோடும் அப்படித்தான்.

பிரேக் செய்கிற வேலையைச் சமையலறைக் கணக்கில் சொன்னால் சட்டென்று புரியும். வண்டியும் லோடும் சேர்ந்து 2 டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கி.மீ. வேகத்தில் வரும்போது அதை நிறுத்தினால் அந்த ஓட்டம் முழுக்கச் சூடாக மாறுகிறது. அந்தச் சூடு, ஏறக்குறைய ஒரு லிட்டர் குழாய்த் தண்ணீரைக் கொதிக்கும் நிலைக்குக் கொண்டுவரப் போதும். ஒரே ஒரு தடவை நிறுத்துவதற்கு இவ்வளவு! வேகம் 30 ஆனால் சூடு பாதியாவதில்லை, கால்வாசிக்கு இறங்கிவிடுகிறது. இந்தச் சூட்டில் பெரும்பங்கைத் தாங்குவது முன் சக்கரம் இரண்டிலும் இருக்கிற டிஸ்க்கும், அதை இரண்டு பக்கமும் கவ்வுகிற பேடுகளும்தான். பிரேக் போட்டதும் வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால் முன் பிரேக்குக்கு எப்போதுமே வேலை அதிகம்.

தேய்கிற பொருளைத் தனியாக வைத்து, தேய்ந்ததும் மாற்றிக்கொள்ளும் யோசனைக்குப் பின்னால் ஒரு பெண் இருக்கிறார். 1888 ஆகஸ்ட்டில், கார் கண்டுபிடித்த கார்ல் பென்ஸின் மனைவி பெர்த்தா, தன் இரண்டு மகன்களை ஏற்றிக்கொண்டு ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ஸ்ஹைம் வரை 100 கி.மீ.க்கு மேல் அந்தக் காரை ஓட்டிப்போனார். கணவரிடம் முன்கூட்டிச் சொல்லவில்லை. வழியில் மரத்தாலான பிரேக் கட்டை தேய்ந்துபோனது. செருப்புத் தைப்பவரிடம் போய்க் கட்டையின் மேல் தோல் வைத்து அடித்துத்தரச் சொன்னார். பிரேக் லைனிங்கின் தொடக்கம் அது. அத்தையிடம் இதைச் சொன்னேன். "பாத்தியா, அப்பவே பொம்பளைதான் யோசிச்சிருக்கா" என்று மாமாவைப் பார்த்தார். காரணம், எங்கள் வண்டியின் கோளாறை முதலில் கண்டுபிடித்ததும் அத்தைதான்.

"தெருமுனையில திரும்பும்போதே உங்க வண்டி கீச்சுனு கத்துது. ரெண்டு நாளா கேக்கறேன்" என்றார் ஒரு வெள்ளிக்கிழமை இரவு. கேபினுக்குள் பாட்டும் இன்ஜின் சத்தமுமாக மாமாவுக்கு அது கேட்கவே இல்லை. பல பேடுகளில் ஓரமாக ஒரு சின்ன இரும்பு நாக்கு இருக்கும். பேடு தேயத் தேய அந்த நாக்கு டிஸ்க்கில் உரசி வேண்டுமென்றே கத்தும். 'மாத்து, மாத்து' என்று அர்த்தம். அதையும் கேட்காமல் ஓட்டினால் கீச் சத்தம் போய்க் கரகரவென்று வரும். அப்போது இரும்பும் இரும்பும் உரசுகின்றன, டிஸ்க்குக்கும் சேர்த்துச் செலவு என்று பொருள்.

பேடின் உராயும் பகுதி 3 மி.மீ. ஆனாலே மாற்றிவிடுவது நல்லது. இரண்டு ஒரு ரூபாய் நாணயங்களை அடுக்கினால் வருகிற கனம் அது. சக்கரத்தைக் கழற்றினால் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

ஜி.பி. ரோட்டில் ஒரு மணி நேரம்

சனிக்கிழமை மாமாவும் நானும் ஜி.பி. ரோட்டுக்குப் போனோம். அண்ணா சாலைக்கும் ராயப்பேட்டைக்கும் நடுவில், வரிசையாக வண்டி உதிரிபாகக் கடைகள். மாமா வண்டியின் பேரைச் சொன்னதும் கடைக்காரர், "எந்த வருஷ மாடல்? ஆர்.சி. இருக்கா?" என்று கேட்டார். ஒரே பேரில் வருகிற வண்டிக்குக்கூட வருஷத்துக்கு வருஷம் பேடின் வடிவம் மாறியிருக்கும். ஆர்.சி. நகலைக் கையில் கொண்டுபோங்கள், இல்லையென்றால் இரண்டு நடை.

பிரேக் விஷயத்தில் சென்னைக்காரர்கள் கொஞ்சம் பெருமைப்படலாம். பாடியில் 1962-ல் தொடங்கிய பிரேக்ஸ் இந்தியா நம் ஊர்க் கம்பெனிதான். சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், ராணே பிரேக் லைனிங் இரண்டும் இந்த ஊரில் வளர்ந்தவையே. நாட்டின் எந்த மூலையிலோ ஒரு லாரி நிற்கிறது என்றால், அதில் பாடி, அம்பத்தூர் தொழிலாளியின் கை இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பேர் பெற்ற பொருளுக்குத்தானே போலியும் வரும்? அட்டைப் பெட்டி சீல் உடையாமல் இருக்கிறதா, பெட்டி மேல் உள்ள பார்ட் நம்பரும் பேடின் முதுகில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். கண்டிப்பாக பில் கேளுங்கள். பில் தரத் தயங்கினால் அடுத்த கடை. புதுப்பேட்டையில் பழைய கதவு வாங்கலாம், பம்பர் வாங்கலாம். பழைய பேடு மட்டும் வேண்டவே வேண்டாம். எண்ணெய் குடித்ததா, சூட்டில் வெந்ததா என்று அதைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

பேடு எப்போதும் இரண்டு சக்கரத்துக்கும் சேர்ந்த செட்டாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்கம் புதுசு, மறுபக்கம் பழசு என்றால் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கும். பேடோடு பிரேக்குக்கென்றே விற்கிற சிலிக்கான் கிரீஸ் ஒரு சின்ன டியூப், பிரேக் கிளீனர் ஒரு டப்பா, ஜாக்கி ஸ்டாண்டு இரண்டு வாங்கினோம். "ஸ்டாண்டு எதுக்குடா, அதான் ஜாக்கி இருக்கே" என்று மாமா முறைத்தார். மந்தைவெளியில் எங்களுக்குப் பழக்கமான மெக்கானிக் அண்ணனுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். அவர் சொன்னது ஸ்பீக்கரில் கேட்டது: "அண்ணே, ஜாக்கி தூக்கறதுக்குத்தான். தாங்கறதுக்கு இல்ல." மாமா பேசாமல் பணத்தை எடுத்தார்.

சக்கரத்துக்கு உள்ளே

காலை 7 மணிக்கு ஆரம்பித்தோம். சந்து சமதளம், கான்கிரீட் ரோடு. சரிவிலோ, மண் தரையிலோ இந்த வேலை கூடாது. வண்டியை முதல் கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தோம். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திக்கொள்ள வேண்டும். தூக்கிய பிறகு ஸ்பேனர் மேல் ஏறி நின்றால் வண்டி ஆடும். பிறகு சேஸிஸில் ஜாக்கிக்கென்று இருக்கிற இடத்தில் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்டை நிறுத்தி, வண்டியை அதன் மேல் உட்கார வைத்து, தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்தோம். அசையவில்லை. கழற்றிய சக்கரத்தையும் வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டோம். எதுவும் சறுக்கினால் அது தாங்கும்.

சக்கரம் போனதும் தெரிவது டிஸ்க். அதைக் கவ்வியிருப்பது காலிப்பர். காலிப்பரின் பின்பக்கம் இருக்கிற இரண்டு போல்ட்டில் கீழே உள்ளதைக் கழற்றினால், எங்கள் வண்டியில் காலிப்பர் கதவு மாதிரி மேலே திறந்துகொண்டது. சில வண்டிகளில் இரண்டையும் கழற்றி முழுதாக எடுக்க வேண்டும். அப்படி எடுத்தால் பிரேக் ஆயில் குழாயில் அதைத் தொங்கவிடாதீர்கள், ரப்பர் குழாய் உள்ளுக்குள் கிழியும். கட்டுக்கம்பியால் சேஸிஸில் கட்டி வைக்கலாம்.

பழைய பேடுகளை உருவி வாசல் திண்ணையில் வைத்தோம். ஒரு ஜோடியில் வெளிப்பக்கப் பேடில் 6 மி.மீ. மிச்சம் இருக்கிறது. உள்பக்கத்தில் 2-கூட இல்லை. ஒரே சக்கரத்தில் எப்படி இப்படி?

காரணம் பேடு இல்லை, அதற்குப் பின்னால் இருக்கிற ஸ்லைடர் பின். காலிப்பர் இந்த இரண்டு பின்களின் மேல்தான் முன்னும் பின்னும் வழுக்கி, இரண்டு பேடையும் சமமாக அழுத்துகிறது. எங்கள் வண்டியில் ஒரு பின் துருப்பிடித்து இறுகிவிட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் சந்துக்குள் தேங்கிய தண்ணீரில் வண்டி இரண்டு நாள் நின்றது. ரப்பர் உறையில் ஒரு கிழிசல், அதன் வழியே தண்ணீர் புகுந்திருக்கிறது. போதாக்குறைக்குச் சாந்தோம் கடற்காற்று. பின் வழுக்காததால் பிஸ்டன் பக்கம் இருந்த உள்பேடு மட்டும் அழுந்தித் தேய்ந்திருக்கிறது. பின்னைப் பார்க்காமல் வெறும் பேடை மட்டும் மாற்றியிருந்தால், சில மாதத்தில் மறுபடி அதே கீச்.

பின்னை உருவித் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து, சிலிக்கான் கிரீஸ் பூசி, புது ரப்பர் உறை போட்டதும் விரலால் தள்ளினாலே வழுக்கியது. இதற்கே முக்கால் மணி நேரம். பேடு உட்காரும் இடத்தைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்தோம். பழைய தூசியை வாயால் ஊதக் கூடாது. பிரேக் லைனிங்கில் கல்நார் கலந்த காலம் உண்டு, அது இல்லாத தூசியும் நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க் போட்டு, ஈரத்துணியால் துடைத்துத் துணியைத் தூக்கிப் போடுங்கள். டிஸ்க்கிலேயே அதன் குறைந்தபட்சக் கனம் பொறித்திருக்கும். அதற்குக் கீழே தேய்ந்திருந்தால் டிஸ்க்கையும் மாற்ற வேண்டும். நல்லவேளை, எங்களுடையது பிழைத்தது.

அடுத்தது பிஸ்டன். பேடு தேயத் தேயப் பிஸ்டன் வெளியே வந்துகொண்டே இருக்கும். புதுப் பேடு கனமானது என்பதால் பிஸ்டனை உள்ளே தள்ளினால்தான் இடம் கிடைக்கும். பழைய பேடை அதன் மேல் வைத்து, சி கிளாம்ப்பால் மெதுவாக இறுக்கினோம். திடீரென்று அத்தை, "ஏங்க, பானெட்டுல என்னமோ வழியுது!" என்று குரல் கொடுத்தார்.

பிரேக் ஆயில் டப்பா நிரம்பி வழிந்தது. பிஸ்டன் வெளியே வரும்போது அந்த இடத்தை ஆயில் நிரப்புகிறது, டப்பாவில் மட்டம் குறைகிறது. கசிவில்லாத வண்டியில் ஆயில் மட்டம் குறைந்தால் பேடு தேய்கிறது என்றுதான் பொருள். யாரோ ஒரு சர்வீஸில் அதைப் பார்த்து 'மேக்ஸ்' கோடு வரை ஊற்றிவிட்டார்கள். இப்போது பிஸ்டன் உள்ளே போக, ஆயில் வெளியே வந்துவிட்டது. பிரேக் ஆயில் பெயின்ட்டை அரித்துவிடும். உடனே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் கழுவினோம். அடுத்த பக்கம் செய்யும்போது புத்தி வந்து, சிரிஞ்சால் கொஞ்சம் ஆயிலை முதலிலேயே எடுத்துவிட்டோம்.

ஆயில் பற்றி இன்னொன்று. அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் குடித்த பிறகு அந்த வரம்பு 155 வரைக்கும்கூட இறங்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். நம் ஊர்ப் புழுக்கத்துக்கு இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்றுவதுதான் சரி. டப்பா மூடியில் என்ன போட்டிருக்கிறதோ அதே வகை மட்டும். அவசரத்துக்கு இன்ஜின் ஆயிலோ வேறு எண்ணெயோ ஊற்றினால் உள்ளே இருக்கிற ரப்பர் எல்லாம் உப்பிப் போகும்.

புதுப் பேடை மாட்டுவது, நம்பினால் நம்புங்கள், ஐந்தே நிமிஷம். உராயும் முகத்தில் கிரீஸ் பட்ட கையை வைக்காமல் இருந்தால் போதும். காலிப்பரை மூடி, போல்ட்டை முறுக்கி, சக்கரத்தை மாட்டி, நட்டுகளை ஒன்று விட்டு எதிர் ஒன்றாக இறுக்கினோம். வண்டியை இறக்கினோம். பஜ்ஜிப் பேச்சு வந்தது. ஆட்டோ வந்தது.

பெடல் ஏன் போனது?

பிஸ்டனை நாம்தான் உள்ளே தள்ளி வைத்திருக்கிறோம். அது திரும்ப வந்து பேடைத் தொடும் வரை, மிதிக்கிற மிதியெல்லாம் இடைவெளியை நிரப்பத்தான் செலவாகும். வண்டி நிற்கிற இடத்திலேயே, சக்கரத்துக்குக் கட்டை இருக்கும்போதே, பெடலைப் பத்துப் பதினைந்து தடவை நிதானமாக மிதித்தால் பிஸ்டன் வந்து சேர்ந்து, பெடல் கெட்டியாகிவிடும். பிறகு ஆயில் மட்டத்தைப் பார்த்து மூடியை மூட வேண்டும். அதற்கப்புறம்தான் கியர். மாமா ஏறி உட்கார்ந்து மிதித்தது முதல் மிதி. ஹேண்ட் பிரேக் மட்டும் கேபிள் வழியாகப் பின் சக்கரத்தைப் பிடிப்பதால் அதற்கு இந்தக் கணக்கு கிடையாது. பாப்பாவைக் காப்பாற்றியது அந்தக் கேபிள்.

வண்டியைப் பின்னால் தள்ளி நிறுத்திவிட்டு மாமா மிதிக்க ஆரம்பித்தார். ஏழாவது மிதியில் பெடல் கல்லாக நின்றது. அவர் காலை எடுக்கவே இல்லை. கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் பஜ்ஜி போடவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

மறுநாள் விடியற்காலை 5 மணிக்குப் பட்டினப்பாக்கம் பக்கம், லோடு இல்லாமல், காலி ரோட்டில் ஓட்டினோம். 50 கி.மீ. வேகம் போய், மிதமாக மிதித்து 10-க்கு இறக்கி, சூடு ஆற விட்டு மறுபடி. பத்துத் தடவை. பேடும் டிஸ்க்கும் ஒன்றோடொன்று படிய இது வேண்டும். முதல் சில நாட்களுக்கு முழு லோடும் திடீர் பிரேக்கும் தவிர்க்கச் சொன்னார் மெக்கானிக் அண்ணன். 100 கி.மீ. ஓடியதும் வீல் நட்டுகளை மறுபடி ஒரு தடவை இறுக்கினோம். அண்ணனே ஓட்டிப் பார்த்து, "நல்லாத்தான் இருக்கு. அடுத்த தடவை முடிச்சதும் எனக்கு ஒரு போன் போடுங்க, அப்புறம் நகர்த்துங்க" என்றார்.

எதை வீட்டில் செய்யக் கூடாது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொண்டேன். பின் சக்கரத்தின் டிரம், அதற்குள் இருக்கிற ஸ்பிரிங்குகள் பழகாத கைக்கு வேண்டாம். பிஸ்டன் உள்ளே போக மறுத்தாலோ, அதைச் சுற்றி ஈரம் தெரிந்தாலோ, பல தடவை மிதித்த பிறகும் பெடல் பஞ்சாகவே இருந்தாலோ வண்டியை நகர்த்தாமல் மெக்கானிக்கை வீட்டுக்கு வரவழைக்க வேண்டும். மெக்கானிக் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போகிறேன் என்று கிளம்புவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. பிரேக் இல்லாத வண்டி அது.

எங்கள் வீட்டில் அன்று இரவே அத்தை ஒரு சட்டம் போட்டார். வண்டி ஜாக்கியில் ஏறினால் சாவி அவருடைய சுருக்குப்பைக்குள் போய்விடும். போன மாதம் எஃப்.சி.க்கு முன்னால் பேடைச் சுத்தம் செய்ய மறுபடி சக்கரத்தைக் கழற்றினோம். எல்லாம் மாட்டி முடித்து மாமா சமையலறை வாசலில் போய்க் கை நீட்டினார்.

"மிதிச்சாச்சா?"

"ஆச்சு."

"எத்தனை?"

"பதினஞ்சு."

அத்தை அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வெளியே வந்து, வண்டியில் ஏறி, தன் காலால் ஒரு தடவை மிதித்துப் பார்த்த பிறகுதான் சுருக்குப்பையை அவிழ்த்தார்.